பளபளப்பின் விலை சில மைக்ரான்

மழை பெய்யும்போது என் கருநீலக் காரின் பானட்டில் துளிகள் உருள்வதைப் பார்ப்பதற்காகவே மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றிருக்கிறேன். செராமிக் கோட்டிங் போட்ட புதிது. புளியங்கொட்டை அளவுத் துளிகள் முத்து முத்தாக நிற்கும்; ஒன்றோடொன்று சேர்ந்ததும் சட்டென வழுக்கி ஓடிவிடும். ஓராண்டுக்கு மேல் இப்படியே போனது. பிறகு ஒருநாள் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். மாலையில் எடுக்கப் போனபோது, "பானட்ல லேசா கோடு இருந்துச்சு சார். நாங்களே பாலிஷ் போட்டுட்டோம், காசு வேணாம்" என்றார் அங்கிருந்த இளைஞர். பானட் கண்ணாடியாக மின்னியது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மழையில் பானட்டில் துளிகளைக் காணோம். ஈரத் துணியை விரித்ததுபோலத் தண்ணீர் படர்ந்து கிடந்தது. கூரையிலும் கதவுகளிலும் மட்டும் பழையபடி முத்துகள் உருண்டன.

அந்த இளைஞர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவரையும் என்னையும் சேர்த்து ஏமாற்றியது நாம் அன்றாடம் புழங்கும் ஒரு சொல். பவுடர் போடுவது, பெயின்ட் அடிப்பது போலவே 'பாலிஷ் போடுவது' என்கிறோம். ஷூ பாலிஷுக்கு அது பொருந்தும். அங்கே மெழுகும் நிறமும் தோலின் மேல் ஏறுகின்றன. கார் பாலிஷ் செய்யும் வேலை நேர்மாறானது. சாணைக்கல் கத்தியிலிருந்து இரும்பை எடுப்பதுபோல, அது பெயின்டிலிருந்து ஒரு மெல்லிய படலத்தை எடுக்கிறது. எடுப்பதால்தான் பளபளப்பு வருகிறது. செராமிக் கோட்டிங் போட்ட காரில் முதலில் எடுபடுவது அந்தக் கோட்டிங்தான்.

ஒன்றரை முடிக்குள் நான்கு அடுக்கு

காரின் நிறம் என்று நாம் பார்ப்பது ஒற்றைப் பூச்சு கிடையாது. தொழிற்சாலையில் வண்டியின் இரும்புக்கூட்டைக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் முக்கியெடுத்த பின், பெயின்ட் நிரம்பிய பெரிய தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்விசையால் இழுக்கப்பட்டு, இடுக்கு மூலைகளில்கூடச் சென்று ஒட்டும் இந்த முதல் அடுக்குதான் துருவைத் தடுக்கிறது. இதன் தடிமன் சுமார் 20 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரான். இதற்கு மேல் 30 மைக்ரான் அளவில் பிரைமர். அதன் மேல் 15 முதல் 20 மைக்ரானில் பேஸ் கோட். நாம் ஆசையாகத் தேர்ந்தெடுக்கும் நிறம் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான்.

எல்லாம் சேர்த்தால் 100, 120 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, ஒன்றரை முடியின் கனத்துக்குள் துருக்காப்பு, நிறம், மினுமினுப்பு எல்லாம் அடங்கிவிடுகின்றன.

காரைத் தொட்டால் நம் விரல் படுவது கிளியர் கோட்டில். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் அதில்தான் கலந்திருக்கின்றன. அது மெலிந்துபோனால் நிறம் வெளுக்கும். பழைய கார்களின் கூரையில் தேமல்போல வெள்ளை படர்ந்து செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் தன் ஆயுளை முடித்துக்கொண்ட அடையாளம் அது. தோல் கீறினால் மறுபடி வளரும். கிளியர் கோட் வளராது. தொழிற்சாலை கொடுத்த 40 மைக்ரானை வைத்துத்தான் வண்டியின் காலம் முழுவதும் குடித்தனம் நடத்த வேண்டும்.

குப்பியிலிருந்து வரும் கண்ணாடி

'செராமிக்' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியின் 'கெராமோஸ்'. குயவர் கையில் இருக்கும் களிமண் என்று பொருள். கார் கோட்டிங்கில் மண்ணும் இல்லை, சூளையும் இல்லை. குப்பியில் வருவது சிலாக்சேன் அல்லது பாலிசிலசேன் வகை திரவம். அதைத் துணி சுற்றிய சின்னக் கட்டையால் பானட்டில் தடவியதும், கரைப்பான் ஆவியாகிறது. மிச்சமுள்ள மூலக்கூறுகள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்றையொன்று கைகோத்துக்கொள்கின்றன. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி இணைந்த வலைப்பின்னல் உருவாகிறது. கண்ணாடியின் அடிப்படைக் கட்டமைப்பும் இதுதான். கீழ்ப்பக்கம் கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்கிறது. மேல்பக்கம் தண்ணீரோடு ஒட்டாத கரிமக் கூறுகளை நீட்டிக்கொள்கிறது.

ஈரம் வினையில் பங்கெடுப்பதால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இந்தப் படலம் வேகமாக இறுகும். தடவுபவர் பரப்பில் வானவில் நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் காட்டுகிற அதே மெல்லிய படல வண்ணம். சரியான நேரத்தில் துடைத்துச் சமப்படுத்தாவிட்டால் திட்டுத் திட்டாகக் கறுத்து இறுகிவிடும். பிறகு அதை எடுக்கப் பாலிஷ்தான் வழி.

இவ்வளவு பாடுபட்டு உருவாகும் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமரை இலைக்கும் காருக்கும் நடுவே

ஒரு துளி தான் உட்காரும் பரப்பை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்பதை வைத்து அந்தப் பரப்பு தண்ணீரை விரும்புகிறதா, வெறுக்கிறதா என்று சொல்லிவிடலாம். 1805இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் இதற்கான அடிப்படையை வகுத்தார். 90 பாகைக்குக் கீழே இருந்தால் துளி படரும். மேலே போனால் உருண்டு நிற்கும். புதிதாகப் போட்ட நல்ல செராமிக் கோட்டிங்கில் இந்தத் தொடுகோணம் 100 முதல் 110 பாகை வரை இருக்கும். தாமரை இலையில் அது 150ஐத் தாண்டிவிடுகிறது.

தாமரை இலைத் தண்ணீர்போல என்று ஒட்டாத உறவைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அதன் காரணத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிஸும் 1997இல் விரிவாக வெளியிட்டார்கள். இலையின் மேல் நுண்ணிய மேடுகள். மேடுகளின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகுத் துகள்கள். துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் நிற்க, இடையில் காற்று தங்கிவிடுகிறது. மேடுபள்ளம் இல்லாத வழுவழுப்பான பரப்பில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் தொடுகோணம் சுமார் 120 பாகைக்கு மேல் ஏறாது.

காருக்கும் தாமரை இலை மாதிரி ஒரு பரப்பைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் பளபளப்பு போய்விடும். அந்த மேடுகள் ஒளியைச் சிதறடிக்கும். தாமரை இலையை அருகில் பாருங்கள். அது மின்னுவதில்லை, மங்கிய பச்சையாகத்தான் இருக்கிறது. மின்ன வேண்டும் என்றால் வழுவழுப்பு வேண்டும். கார் கோட்டிங் பளபளப்பைத் தக்கவைத்துக்கொண்டு, தண்ணீரை முடிந்தவரை உருட்டுகிறது.

விளம்பரத்து ஒன்பதும் உண்மை ஒன்பதும்

'9எச் கடினத்தன்மை' என்று கோட்டிங் விளம்பரங்கள் சொல்லும்போது, பள்ளிப் பாடத்தில் படித்த மோஸ் அளவுகோல் நினைவுக்கு வரும். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்தது அது. அதில் வைரம் 10, குருந்தக்கல் 9. அப்படியானால் கோட்டிங் வைரத்துக்கு அடுத்தபடியா?

9எச் என்பது பென்சில்களின் அளவு. படம் வரைபவர்களிடம் இருக்கும் பென்சில்களில் மென்மையானவை 'பி' வரிசை, கடினமானவை 'எச்' வரிசை. பெயின்ட் ஆய்வகத்தில் பென்சில் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 பாகை சாய்வில் வைத்து, குறிப்பிட்ட எடையோடு பூச்சின் மேல் தள்ளுவார்கள். வரிசையிலேயே கடினமான 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தப் பூச்சு '9எச்'. பென்சில் குச்சி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. சாலைப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவில் 7. பென்சிலுக்கு அசையாத பூச்சு மணலுக்கும் அசையாது என்று இந்தச் சோதனை எங்கும் சொல்லவில்லை.

கோட்டிங் மெல்லியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மெத்தையின் மேல் மெல்லிய கண்ணாடித் தாளை வைத்து அழுத்தினால், கண்ணாடி எவ்வளவு கடினமாக இருந்தாலும் மெத்தையோடு சேர்ந்து வளைந்து விரிசல் விடும். மென்மையான கிளியர் கோட்டின் மேல் ஒரு மைக்ரான் கோட்டிங்கின் நிலைமை இதுதான். அது சிறு கீறல்களைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது.

எவர்சில்வர் தட்டில் ஒரு சோதனை

கீறல் விழுந்த காரின் அருகே இரவில் செல்போன் டார்ச்சைக் காட்டினால், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் விழுந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். டார்ச்சை ஒரு சாண் நகர்த்துங்கள். வலையும் கூடவே நகரும். கீறல் எப்படி நகரும்?

சமையலறையில் பல வருஷம் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள், அதே வலை. எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான கோடுகள் அங்கே கிடக்கின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு நுண்ணிய வாய்க்கால். தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் ஒளியைத் தெறிக்கும். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டத்தின் விளிம்புபோல அமைந்த கோடுகள் மட்டும் நம் கண்ணை நோக்கி ஒளியை அனுப்புகின்றன. மற்றவை அங்கேயேதான் இருக்கின்றன, நமக்குத் தெரிவதில்லை. விளக்கை நகர்த்தினால் வேறு கோடுகள் முறை எடுத்துக்கொள்கின்றன. கறுப்பு, கருநீலக் கார்களில் பின்னணி இருட்டு என்பதால் இவை பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத் தப்பிவிடும்.

மாணிக்கத்தின் தூள்

பாலிஷ் டப்பாவில் இருக்கும் களிம்பில் உழைக்கும் பொருள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு தூள். மோஸ் அளவில் 9ஆம் இடத்தில் இருக்கும் குருந்தக்கல்லும் இதே பொருள்தான். அதன் நிறமேறிய படிகங்களைத்தான் மாணிக்கம் என்றும் நீலம் என்றும் மோதிரத்தில் பதிக்கிறோம். பென்சிலிடம் வென்ற 9எச் கோட்டிங்கின் எதிரே உண்மையான ஒன்பது வந்து நிற்கிறது. யார் தோற்பார் என்பதில் சந்தேகம் இல்லை.

மெருகு எப்படி உருவாகிறது என்பதை ஐசக் நியூட்டன் 1704இல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலிலேயே யோசித்திருக்கிறார். தேய்க்கும் தூள் நுண்மையாக ஆக ஆக, அது விடும் கீறல்களும் சிறுத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்பது அவர் விளக்கம். பின்னால் ரேலே பிரபு ஒரு அளவுகோலே கொடுத்தார்: மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்கினால் ஒளிக்கு அந்தப் பரப்பு சமதளம். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். எட்டில் ஒரு பங்கு என்றால் 70 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானில் பதினான்கில் ஒரு பங்கு. கீறலைச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் சீவி, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, இந்த அளவுக்குச் சமமாக்குவதே பாலிஷின் வேலை.

சீவுவது எவ்வளவு? நடுத்தரமான கீறல்களைப் போக்கும் ஒரு பாலிஷில் பொதுவாக 2 முதல் 5 மைக்ரான் கிளியர் கோட் போய்விடும். கோட்டிங்கின் கனம் ஒரு மைக்ரான். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மெஷினை வைக்காமல் கையால் லேசாகத் தேய்த்தால் ஓரிடத்தில் போகும், ஓரிடத்தில் மிஞ்சும். பானட் திட்டுத் திட்டாகத் தண்ணீர் விடும்.

மெஷினிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். கவனம் பிசகினால் உராய்வுச் சூட்டில் பெயின்ட் இளகும், பானட்டின் விளிம்புகளில் நிறமே எடுபட்டு பிரைமர் தெரியும். விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை தொடங்குவது அதனால்தான். சுழன்றுகொண்டே அலையும் டூயல் ஆக்ஷன் மெஷின் மெதுவாக வெட்டும், சூடும் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறல் பள்ளங்களை நிரப்பி மறைக்கும். இரண்டு மூன்று வாட்டர் வாஷில் அது கரைந்ததும் கோடுகள் திரும்பி வந்துவிடும். 'பாலிஷ் போட்டு ஒரு மாசம்கூடத் தாங்கலை' என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். நல்ல பட்டறையில் பாலிஷ் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய் போன பிறகு பரப்பைக் காட்டுவார்கள். கோட்டிங் போடுவதற்கு முன்பும் இந்தத் துடைப்பு கட்டாயம். எண்ணெய்ப் பசையின் மேல் கோட்டிங் பிடிக்காது.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

தண்ணீர் உருளவில்லை என்றதும் கோட்டிங் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல நேரங்களில் அது அழுக்கின் அடியில் மூச்சுமுட்டிக் கிடக்கும். என் பானட்டைப் பார்த்த கோட்டிங் பட்டறைக்காரர் மெஷினை எடுக்கவில்லை. முதலில் மென்மையான ஷாம்பூவால் கழுவினார். பிறகு ஒரு திரவத்தைத் தெளித்தார். சில நிமிடத்தில் வண்டியின் பக்கவாட்டில் ஊதா நிறக் கண்ணீர் வழிந்தது. தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள், பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள்களைப் பிடித்து ஊதாவாக மாறிக் கரைத்துக்கொண்டு வருகிறது. முடியைச் சுருட்டும் பார்லர் மருந்திலும் இதே குடும்பப் பொருள்தான் வேலை செய்கிறது.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களில் வெள்ளை வெள்ளையாக வளையம் நிற்கும். துளி காயும்போது அதன் விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, கரைந்தவற்றையும் இழுத்துக்கொண்டு. சிந்திய காபி ஓரத்தில் மட்டும் கறை விடுவதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். கோட்டிங் போட்ட காரில் துளிகள் உருண்டு தனித்தனியாக நிற்பதால் இந்த வளையங்கள் இன்னும் திட்டவட்டமாக விழும். 'கோட்டிங் போட்டாச்சு, துடைக்க வேண்டாம்' என்று விடுவது ஆபத்து. புதிதாக விழுந்த சுண்ணாம்புக் கறையை அதற்கென்று உள்ள மென்மையான அமிலக் கலவை எடுத்துவிடும்.

இரும்பும் உப்பும் போன பிறகு கூரையிலும் கதவுகளிலும் தண்ணீர் புதிதுபோல ஓடியது. பானட்டில் மட்டும் படர்ந்தே நின்றது. அங்கே கோட்டிங் இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது. வெயிலில் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது ரோட்டரி மெஷின் விட்ட நிழல் அலைகளும் தெரிந்தன.

இருப்பைப் பார்த்துச் செலவு

பட்டறைக்காரர் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை பானட்டில் வைத்தார். இரும்புக்கும் கருவியின் முனைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காந்தப்புலத்தின் மாற்றத்தால் அளந்து, பெயின்டின் மொத்தத் தடிமனைச் சொல்லும் மானி அது. கூரையில் 108. ஒருமுறை டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்த பின்கதவில் 286. பானட்டில் ஐந்து இடங்களில் வைத்து எடுத்த சராசரி 97. "இன்னும் ஒருதடவை தாங்கும் சார். ஆனா இனிமே யார் மெஷினைத் தூக்கினாலும் முதல்ல இதை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். டூயல் ஆக்ஷன் மெஷினில் நுண்ணிய களிம்பை வைத்து பானட்டை மட்டும் சமப்படுத்தி, துடைத்து, புதிதாகக் கோட்டிங் ஏற்றினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வைத்திருக்கச் சொன்னார். ஒரு வாரம் ஷாம்பூ கூடாது.

செராமிக் கோட்டிங் போட்ட காருக்குப் பாலிஷ் போடலாமா என்ற கேள்விக்கு இதுதான் பதில். போடலாம், போட்ட இடத்தில் கோட்டிங்கை மறுபடி ஏற்றத் தயாராக இருந்தால் மட்டும். பாலிஷ் முதலில், கோட்டிங் பிறகு, அதன்பின் கழுவுவது மட்டுமே. அடுத்த பாலிஷ் நாளை எவ்வளவு தூரம் தள்ளிப்போடுகிறோமோ, அவ்வளவுக்குக் கோட்டிங்குக்குக் கொடுத்த பணம் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

தள்ளிப்போடுவது கழுவும் முறையில் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாக ஒருவர் பதினைந்து கார்களைத் துடைப்பார். முதல் காரின் மணல் அந்தத் துணியில் ஏறி, பதினைந்தாவது கார்வரை பயணம் போகும். என் பானட்டில் இருந்த கோடுகள் பிறந்தது அங்கேதான். இப்போது அந்த அண்ணனிடம் பேசி ஏற்பாடு ஒன்று செய்திருக்கிறேன்: என் வண்டிக்குத் தினமும் துடைப்பு வேண்டாம், சம்பளம் அப்படியே. வாரம் ஒருமுறை முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சிப் புழுதியை ஓட்டிவிடுவது. பிறகு ஷாம்பூத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழே, வட்டம் போடாமல் நேராக. கடைசியில் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பது. காக்கை எச்சம் விழுந்தால் வெயில் ஏறுமுன் நனைத்து ஊறவிட்டு எடுப்பது. காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. இரண்டாவது வாளியின் அடியில் ஒருநாள் படிந்திருந்த மணலை அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது மற்ற கார்களுக்கும் இரண்டு வாளிதான் வைக்கிறார்.

போன வாரம் மழை பெய்தபோது மறுபடியும் இறங்கிப் போய் நின்றேன். பானட்டில் முத்துகள் உருண்டன. வேலை முடிந்த அன்று பட்டறைக்காரர் மானியை மீண்டும் ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தார், சராசரி 94. அந்த எண்ணையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்தமுறை யாராவது காசு வேண்டாம், பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுவேன்.